பெருவின் குஸ்கோ நகரில் தன்னார்வப் பணி: எந்த வாய்ப்பை எடுப்பது, எப்படித் தயாராவது?

மதுரையில் சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். படிப்பு முடிந்ததும் பெரு நாட்டின் குஸ்கோவுக்குத் தன்னார்வப் பணிக்குப் போக ஆசை. கையில் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஏஜென்சி வழியாகக் குழந்தைகள் இல்லத்தில் நான்கு வாரம். கட்டணம் அதிகம், ஸ்பானிஷ் தெரியவேண்டியதில்லை, தங்குமிடம் முதல் வார இறுதிச் சுற்றுலா வரை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, நகரின் மேட்டுப் பகுதியில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கான சிறிய மையம். கட்டணம் கிடையாது, ஆனால் மூன்று மாதமாவது இருக்க வேண்டும், ஸ்பானிஷ் பேசத் தெரிந்திருக்க வேண்டும். எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டாவதை எடுங்கள். நான் சில வருடங்கள் குஸ்கோவில் இருந்தவன். இதே மாதிரி ஒரு மையத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருந்தேன். உங்களுக்குச் சிரமமாகத் தெரியும் அந்த இரண்டு நிபந்தனைகளும், காலமும் மொழியும், அந்த மையம் தன் வேலையை மதிக்கிறது என்பதற்கு அடையாளம்.

முதலில் குழந்தைகள் இல்லம் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுவதும் இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வறுமை, வீட்டில் அடிதடி, வேலை தேடி ஊர்விட்டுப் போன அம்மா என்று காரணங்கள் வேறு. அந்தக் குழந்தைக்குத் தேவை, குடும்பம் மறுபடி நிமிர்ந்து நிற்க யாராவது உதவுவது. பெருவின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016இல் வந்த 1297ஆம் எண் அரசாணைச் சட்டம், பெற்றோர் பராமரிப்பை இழக்கும் குழந்தைகளுக்குக் குடும்பச் சூழலே முதல் தேர்வு என்கிறது. நம் 2015 சிறார் நீதிச் சட்டத்தில் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று படித்திருப்பீர்களே, அதே அடிப்படை.

ஆனால் கட்டணம் கட்டி வரும் வெளிநாட்டவரை நம்பி நடக்கும் இல்லத்தில் குழந்தைகள் இருந்தால்தான் வருமானம். அப்புறம் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் வேலையில் யாருக்கு அவசரம் இருக்கும்? வருமானத்துக்காகக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டத்தை ஆஸ்திரேலியா கொண்டுவந்தபோது இதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே எடுத்துக்கொண்டது.

இதைவிட என்னை வருத்துவது வேறு. நாலு வாரத்துக்கு ஒரு அக்கா வருவாள், மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவாள், அழுதுகொண்டே விடைபெறுவாள். அடுத்த வாரம் இன்னொரு அக்கா. இதையே வருடக்கணக்கில் பார்க்கும் நாலு வயதுக் குழந்தை, வாசலில் யார் வந்து நின்றாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். வருகிறவர்கள் அதைப் பாசம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சமூகப்பணி படித்தவர். முன்பின் தெரியாதவரிடம் ஒரு குழந்தை அப்படி ஒட்டிக்கொள்வதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்: நிலைத்த பாசம் கிடைக்காத காயம் அது.

அந்த ஏஜென்சி உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்டதா? கேட்கவில்லை என்றால், இதற்கு முன் யாரையெல்லாம் கேட்காமல் உள்ளே விட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். மையத்துக்காரர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே கொடுங்கள். பாஸ்போர்ட் சேவை வழியாக வாங்கலாம். நம் ஆவணத்தை வெளிநாடு ஏற்க உதவும் அப்போஸ்டில் முத்திரை போட்டால் பெருவில் செல்லும், இரண்டு நாடுகளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கின்றன.

சரி, மையத்துக்கு வருவோம். அங்கே வேலை என்னவாக இருக்கும்? குஸ்கோவைச் சுற்றியுள்ள சரிவுகளில், மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மண்செங்கல்லாலும் தகரத்தாலும் கட்டிய வீடுகள் மேலே மேலே ஏறிப் போகும். கீழே சுற்றுலா நகரம், மேலே அந்த நகரத்துக்கு மூட்டை தூக்குகிறவர்கள், சமைக்கிறவர்கள், தெருவில் கம்பளித் தொப்பி விற்கிறவர்கள். பெற்றோர் இருவரும் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். பல பள்ளிகள் மதியத்தோடு விட்டுவிடும். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கூரை, சூடாக ஏதாவது சாப்பாடு, வீட்டுப்பாடத்துக்கு உதவி. மையங்கள் செய்வது பெரும்பாலும் இதுதான்.

இங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் ஆங்கில நோட்டு. முதல் பக்கத்தில் நிறங்களின் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த நிறத்தில் ஒரு வட்டம். அடுத்த பக்கம் ஒன்று முதல் பத்து வரை எண்கள். அதற்கடுத்த பக்கத்தில் மறுபடி நிறங்கள், இந்த முறை வட்டத்துக்குப் பதில் பலூன். பிறகு எண்கள். பிறகு இன்னொரு கையெழுத்தில் தலைப்பு, அதே நிறங்கள். ஒவ்வொரு தன்னார்வலரும் தன் முதல் வாரத்தில் மொழி தெரியாமலே சொல்லித்தரக்கூடிய பாடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இரண்டாவது பாடத்துக்குப் போவதற்குள் கிளம்பும் நாள் வந்துவிட்டது. அந்தப் பெண் யாரிடமும் எனக்கு இது தெரியும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வட்டம் போட்டு வண்ணம் தீட்டியிருக்கிறாள். அவளுக்கு வகுப்பில் வராமல் இருந்தது வகுத்தல் கணக்கு. அதை ஸ்பானிஷில்தான் சொல்லித்தர முடியும்.

எனவே மொழியை ஒரு தகுதியாக மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பயன்படுவீர்களா இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது. நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஸ்பானிஷின் ப, த, க ஒலிகள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன, ஆங்கிலேயர்களைப் போல் காற்றை ஊதிச் சொல்லத் தேவையில்லை. ஒற்றை ரகரமும் அழுத்தமான இரட்டை ரகரமும் கொஞ்சம் பழகினால் வரும். உயிரெழுத்துகள் ஐந்து, எழுதியபடியே ஒலிக்கும். கடினம் வினைச்சொற்களில்தான், அதற்குத் தினசரி உழைப்பு தவிர வேறு வழி கிடையாது. கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் இணையத்தில் ஓர் ஆசிரியரோடு பேச்சுப் பயிற்சி. குஸ்கோ போனதும் முதல் இரண்டு வாரம் அங்கேயே மொழிப் பள்ளியில் காலை வகுப்பு. நகரில் நிறையப் பள்ளிகள் இருக்கின்றன. குஸ்கோக்காரர்கள் நிதானமாக, தெளிவாகப் பேசுவார்கள், ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு நல்ல ஊர். பெரியவர்களிடம் எப்போதும் மரியாதை வடிவத்தில், உஸ்தேத் என்றே பேசுங்கள். பிள்ளைகள் உங்களை மிஸ் என்று கூப்பிடுவார்கள். ஆமாம், நம் ஊர் மாதிரியே.

பிள்ளைகளின் பாட்டிமார் பலருக்கு ஆண்டிஸ் மலைப் பூர்வகுடி மொழியான கெச்சுவாதான் தாய்மொழி. 1975இல் பெரு அரசு அதை ஆட்சிமொழியாக அறிவித்தது, ஆனாலும் அதைப் பேசியதற்காக அவமானப்பட்டவர்கள் ஏராளம். 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 69,000 பேர் இறந்தார்கள், நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழி பேசியவர்கள் என்று உண்மை அறியும் ஆணையம் 2003இல் கணக்குக் காட்டியது. போரின் மையம் அயகுச்சோ பகுதி, குஸ்கோ அல்ல. ஆனாலும் வீடுகளுக்குப் போகும்போது இந்த வரலாறு மனதில் இருக்கட்டும். பாட்டி பேசாமல் உட்கார்ந்திருந்தால், ஸ்பானிஷில் பேசச் சங்கடப்படுகிறாரா என்று பாருங்கள். கெச்சுவாவில் வணக்கமும் நன்றியும் கற்றுக்கொண்டு போனால் முகம் மலரும்.

எப்போது போவது? பெருவில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஜனவரி, பிப்ரவரி விடுமுறை, கடும் மழையும் அப்போதுதான். ஜூலை 28 சுதந்திர தினத்தை ஒட்டி நடுவில் ஒரு விடுமுறை வரும். ஜூன் முழுக்க நகரம் திருவிழாவில் இருக்கும், 24ஆம் தேதி இந்தி ராய்மி என்ற இன்காக்களின் சூரியத் திருவிழா. பள்ளிகள் எல்லாம் நடன ஒத்திகை, அணிவகுப்பு என்று அலையும், படிப்பு பின்னால் போய்விடும். பார்க்க அழகான மாதம், வேலை தொடங்க ஏற்ற மாதம் இல்லை. போதாததற்கு ஜூன், ஜூலையில் இரவுக் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், வீடுகளில் ஹீட்டர் கிடையாது. உங்கள் படிப்பு மே மாதம் முடிகிறது என்றால் மே, ஜூன், ஜூலையை மொழிக்கும் விசாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் போய் இறங்கினால் மொழிப் பள்ளி முடியும்போது பள்ளிக்கூடங்கள் முழு வேகத்தில் இருக்கும். நவம்பர் நடுப்பகுதி வரை பெரிய தடையில்லாமல் வேலை செய்யலாம்.

விசா விஷயம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதச் செல்லுபடியோடு வைத்திருக்கும் இந்தியர்களுக்கு 2017 முதல் பெரு விசாவிலிருந்து விலக்கு உண்டு. மற்றவர்கள் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, அதனால் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். உங்கள் பணிக்கு எந்த விசா பொருந்தும் என்று மையத்திடமும் தூதரகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். சுற்றுலா அனுமதியில் சம்பளம் வாங்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. இந்தியாவிலிருந்து பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பிய விமான நிலையங்களிலும் இந்தியர்களிடம் விமானம் மாறுவதற்கான விசா கேட்கும் நாடுகள் உண்டு. மலிவான டிக்கெட் என்று பாய்ந்து எடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போடுங்கள். குஸ்கோவின் உயரத்தில் அந்த நோய் கிடையாது, அமேசான் பக்கம் உண்டு. ஆனால் இந்தியா திரும்பும்போது பெருவிலிருந்து வருகிறவரிடம் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், அதன்பின் வாழ்நாள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

அடுத்தது உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், தொட்டபெட்டா 2,637. குஸ்கோ 3,400. கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் உங்களை அங்கே இறக்கிவிடும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும், இதை அங்கே சொரோச்சே என்பார்கள். உடல் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, விளையாட்டு வீரர்களும் படுத்துவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் வேலை, படியேற்றம், மது எதுவும் வேண்டாம். முடிந்தால் இறங்கிய அன்றே காரில் 2,800 மீட்டரில் இருக்கும் ஒயந்தாய்தாம்போ என்ற ஊர்ப் பக்கம் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே குஸ்கோவுக்கு வாருங்கள். இதைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருப்பவர்கள் முக்கியமாக. ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ நடை தள்ளாடினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கோகா இலைத் தேநீர் எல்லா வீட்டிலும் கொடுப்பார்கள், அங்கே அது சட்டப்படி சரிதான். ஆனால் ஒரு பை இலைகூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள், நம் போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலையும் அடக்கம்.

தங்குவதற்கு ஒரு குடும்பத்தின் வீட்டில் அறை எடுங்கள், மொழி அங்கேதான் வளரும். குளியலறையில் குழாய் வாயிலேயே மின்கம்பி இணைத்த ஷவர் இருக்கும். தண்ணீரை மெல்லியதாகத் திறந்தால் சூடாக வரும், முழுக்கத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அந்த உயரத்தில் தண்ணீர் 89 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அதனால் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விட வேண்டும். அரிசியும் பருப்பும் வேக குக்கர் வேண்டும். பெருக்காரர்கள் தினமும் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள், சோற்றுக்குக் கவலையில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மெனு என்று கேளுங்கள்: ஒரு சூப், ஒரு சோற்றுத் தட்டு, ஒரு பானம். சாதாரண இடங்களில் 10 சோல் அளவில் கிடைக்கும், ஒரு சோல் ஏறத்தாழ 25 ரூபாய்.

சைவம் என்றால் கவனமாகப் பேச வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி சூப் வரும், அவர்கள் கணக்கில் அது இறைச்சியில் சேராது. கோழியும் மீனும்கூடச் சாப்பிடுவதில்லை என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை நிறைய வீடுகளில் பருப்பு சமைக்கும் வழக்கம் உண்டு, அன்று கவலையே இல்லை. பெரிய மணி மக்காச்சோளமும் பாலாடைக்கட்டியும், கினுவா தானிய சூப், எண்ணி முடியாத வகை உருளைக்கிழங்கு. காரம் வேண்டுமென்றால் ரோகோட்டோ மிளகாய் நம்மையே கண்கலங்க வைக்கும். சந்தையில் ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள். பழச்சாறுக் கடைக்கார அம்மா மிக்ஸியில் மிச்சம் இருப்பதைக் கொசுறாக ஊற்றித் தருவார், இரண்டாவது வாரத்தில் உங்கள் ஸ்பானிஷைத் திருத்தவும் ஆரம்பித்துவிடுவார்.

இனி வேலைக்குள். உங்களுக்கு மேலே உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்க வேண்டும். சேர்வதற்கு முன் மையத்திடம் இதை நேராகக் கேளுங்கள்: நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், நான் வராவிட்டால் அந்த வேலையை யார் செய்வார், சம்பளத்தில் இருக்கும் உள்ளூர் ஆசிரியர் எத்தனை பேர்? தன்னார்வலர் இல்லாமலும் நடக்கும் மையம்தான் நல்ல மையம். நீங்கள் அங்கே அந்த ஆசிரியருக்கு இன்னொரு கை. முதல் வாரம் பென்சில் சீவுங்கள், சூப் ஊற்றிக் கொடுங்கள், பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். பிறகு நாலைந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி, மூன்று மாதமும் அவர்களோடே இருங்கள். வகுத்தல் வராத பிள்ளைக்கு வகுத்தல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதி வாருங்கள், எங்கே நிற்கிறது, எது வேலை செய்தது என்று, ஸ்பானிஷில். அது அந்த ஆசிரியருக்குப் பயன்படும் ஆவணம். பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடாதீர்கள். விடைபெறும் தேதியை முதல் நாளிலிருந்தே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள், நாட்காட்டியில் காட்டுங்கள்.

மருத்துவம், செவிலியம் படிக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்த ஊரில் உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் குஸ்கோவின் ஏழை நோயாளி மேல் செய்யாதீர்கள். அங்கே ஊசி போட விடுவார்கள், தையல் போட விடுவார்கள் என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் போகவே வேண்டாம். பெருவின் இளம் மருத்துவர்கள் கிராமப்புறத்தில் ஓர் ஆண்டு பணி செய்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பதே பெரிய பாடம்.

குஸ்கோ பொதுவாக நடமாட எளிதான ஊர்தான். இரவில் தெருவில் கை காட்டி டாக்ஸி பிடிக்காதீர்கள், போன் செய்தோ செயலியிலோ வரவழையுங்கள். பேருந்தில் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். பாரோ என்று காதில் விழுந்தால் வேலைநிறுத்தம் என்று அர்த்தம், சாலையை மறித்துவிடுவார்கள். 2022 டிசம்பரில் அதிபர் காஸ்திய்யோ பதவி நீக்கப்பட்டபின் நடந்த போராட்டங்களில் குஸ்கோ விமான நிலையமே மூடப்பட்டது, மச்சு பிச்சு ரயில் நின்றது. அறையில் கொஞ்சம் ரொக்கமும் அரிசியும் இருக்கட்டும். திரும்பும் டிக்கெட்டில், லிமாவில் ஏறும் பன்னாட்டு விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே குஸ்கோவிலிருந்து கிளம்பும்படி வையுங்கள்.

பணம் பற்றிக் கடைசியாக. கட்டணம் கேட்கும் எல்லா இடமும் மோசம் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சோறு போடுவதற்கும் உங்களைப் பழக்குவதற்கும் செலவு ஆகிறதுதானே. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கணக்குக் காட்டினால் போதும். நீங்கள் ஏஜென்சிக்குக் கொடுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியை மொழி ஆசிரியருக்கும், ஒரு பகுதியைத் தங்கும் குடும்பத்துக்கும், முடிந்தால் ஒரு பகுதியை மையத்தின் மதிய உணவுக்கும் கொடுங்கள். மூன்றும் குஸ்கோவிலேயே தங்கும்.

இன்று செய்ய வேண்டியது, மையத்துக்கு ஒரு கடிதம். நான் யார், என்ன படித்தேன், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வர முடியும், இப்போது ஸ்பானிஷ் இவ்வளவுதான் தெரியும், ஜூலைக்குள் இவ்வளவு கற்றுக்கொள்வேன் என்று எழுதுங்கள். விசாவுக்கு அழைப்புக் கடிதம் தருவீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை, ஸ்பானிஷிலேயே எழுதுங்கள்.